பகல் கீரை

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் சேர்ந்தால் பேச்சு எங்கே போய் நிற்கும் என்று நமக்கே தெரியும். சர்க்கரை எவ்வளவு, உப்பு எவ்வளவு, எந்த டாக்டர் எதை நிறுத்தச் சொன்னார், எதைச் சேர்க்கச் சொன்னார். போன மாதம் என் மகள் என்னை விருதுநகரில் ஒரு சாப்பாட்டு ஆலோசகரிடம் கூட்டிப் போனாள். ரொம்பச் சின்னப் பெண். என் ரத்தத்தில் சத்தே இல்லையாம். தினமும் கீரை, பழம், முட்டை, இடையிடையே மீன், அரிசிக்குப் பதில் கம்பு என்று மூச்சு விடாமல் அடுக்கினாள். கம்பு தின்னச் சொல்வதற்கும் ஒருத்திக்குப் பணம் கட்டும் காலம் வந்துவிட்டதே என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன்.

திரும்பும் வழியில் பெரிய கடை ஒன்றில் நுழைந்தோம். அங்கே முருங்கைக்கீரையை உருவிக் கழுவி, பிளாஸ்டிக் டப்பாவில் அடைத்துக் குளிரில் வைத்திருந்தார்கள். மகள் விலையைப் பார்த்துவிட்டுத் திருப்பி வைத்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடி எடுத்துக் கூடையில் போட்டாள். "சத்தாச் சாப்பிடணும்னா நம்ம சம்பளம் காணாது போலம்மா" என்றாள். அவள் சொன்னதில் தப்பில்லை. அச்சகத்தில் வேலை பார்க்கிறவள் அவள். அவளிடம் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன். உங்களில் பாதிப்பேர் தீப்பெட்டிக் கம்பெனி பஸ்ஸில் ஏறி வளர்ந்தவர்கள், மீதிப்பேர் அதில் ஏறிப்போன தாயை வழியனுப்பி வளர்ந்தவர்கள். நம் காலத்தில் முருங்கைக்கீரைக்கு ஏது விலை, வேலியில் ஒடித்தால் குழம்பு என்று நாம் எல்லோருமே பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிகிறோம். எங்கள் வீட்டில் அதற்கு விலை இருந்தது.

நான் மூன்றாம் வகுப்பு படித்த வருஷம் அது. புதுப்பட்டிக்கு மேற்கே, ரோட்டை விட்டுத் தள்ளி எங்கள் ஊர். மழை இல்லாமல் கரிசல் காடு வெடித்துக் கிடந்தது. அதுவரை களை வெட்டவும் பருத்தி எடுக்கவும் போன பெண்களெல்லாம் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்க ஆரம்பித்திருந்தார்கள். அப்பா ஆலங்குளம் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரிகளில் லோடு ஏற்றப் போய், அங்கேயே தங்கிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவார். அம்மா தீப்பெட்டிக் கம்பெனியில் மரச்சட்டத்தில் தீக்குச்சி அடுக்கினாள். அப்பாவின் அக்கா, என் அத்தை, பக்கத்து வீட்டில் தனியாக இருந்தாள். புருஷன் இறந்துவிட்டார், பிள்ளை கிடையாது. அவளுக்கும் அதே பஸ், அதே கம்பெனி.

வெளுப்பதற்கு முன்னால் பஸ் ஊர் முனையில் ஹாரன் அடிக்கும். அம்மா தலையை முடிந்துகொண்டே ஓடுவாள். திரும்பி வந்து இறங்கும்போது விளக்கு வைத்து வெகு நேரமாகியிருக்கும். வந்த பிறகு கம்பு இடித்து, உலை வைத்து, புளியும் வத்தலும் கரைத்து ஒரு குழம்பு. மிஞ்சிய கம்பஞ்சோற்றை உருண்டை பிடித்துத் தண்ணீரில் போட்டால் மறுநாள் காலைக்கு ஆயிற்று. வீட்டில் கோழி உண்டு. முட்டை டீக்கடைக்குப் போய்விடும். அதைத் தின்பது என்ற யோசனையே எங்கள் யாருக்கும் வந்ததில்லை. வயிறு நிறைந்துவிடும், அதனால் பட்டினி கிடந்தோம் என்று சொல்லமாட்டேன். வயிறு நிறைந்தும் உடம்பு காய்ந்துபோகும் என்பது எங்களுக்குத் தெரியாது.

மாசி மாதம் என்று நினைக்கிறேன், ஒரு அந்தியில் தெருவில் விளையாடிக்கொண்டிருந்தபோது கூட விளையாடியவர்களின் முகங்கள் காணாமல் போயின. குரல் கேட்கிறது, கால்கள் ஓடும் சத்தம் கேட்கிறது, ஆளைக் காணோம். மேற்கே வானம் மட்டும் மங்கலாகச் சிவப்பாகத் தெரிந்தது. அதற்குக் கீழே எல்லாம் ஒரே கருப்பு. நான் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். மறுநாளும் அப்படியே. பொழுது சாய்ந்தால் கோழி அடைவதுபோல நானும் சுவர் ஓரமாக அடைந்துவிடுவதால் பிள்ளைகள் என்னைக் கோழி, கோழி என்று கூப்பிட்டார்கள். நானும் அந்தப் பெயருக்கே ஏனென்று கேட்டுக்கொண்டேன்.

பெரியவர்கள் அதை வேலைக்கள்ளம் என்று எடுத்துக்கொண்டார்கள். பகலெல்லாம் மான்குட்டி மாதிரி ஓடுகிறவள், தண்ணீர் எடுக்கச் சொன்னால் மட்டும் கண் தெரியவில்லை என்கிறாளே என்று அத்தை கேட்டாள். ஒரு நாள் இருட்டியபின் குழாயடியிலிருந்து குடத்தோடு வந்து வாசற்கல்லில் இடறி, குடம் உருண்டு, நீர் முழுவதும் போயிற்று. அப்போதுதான் பஸ்ஸிலிருந்து வந்த அம்மா முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். நான் அடி வந்த பக்கம் திரும்பாமல் வேறு பக்கம் பார்த்துக் கும்பிட்டு, இனிமேல் சிந்த மாட்டேன் என்று அழுதிருக்கிறேன். அதைப் பார்த்த பிறகு அம்மா என்னை அடிக்கவே இல்லை.

அத்தை இருக்கன்குடி மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டாள். ஆடி கடைசி வெள்ளிக்கு நடந்து வந்து வெள்ளியில் கண்மலர் வாங்கிப் போடுவதாக வேண்டுதல். அம்மா அதோடு நிற்கவில்லை. கம்பெனிக்கு ஒரு நாள் போகாமல் என்னை நர்ஸம்மாவிடம் இழுத்துக்கொண்டு போனாள். நர்ஸம்மா சாத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர், வேதக்காரர், ஞாயிறானால் சர்ச்சுக்குப் போகிறவர், வெள்ளைச் சேலையில் சைக்கிளில் வந்து எல்லா வீட்டுச் சாப்பாட்டையும் விசாரிப்பார். அன்பானவர். என் இமையைத் தூக்கிப் பார்த்து, கருவிழிக்குப் பக்கத்தில் சோப்பு நுரை காய்ந்த மாதிரி இருந்த இடத்தை அம்மாவுக்குக் காட்டினார். இது மாலைக்கண், சாப்பாட்டில் சத்து இல்லாமல் வருவது, இப்படியே விட்டால் கண்ணில் பூ விழுந்துவிடும், அப்புறம் பகலும் தெரியாது என்றார். சொட்டு மருந்து தீர்ந்திருந்தது. வந்ததும் தருவதாகச் சொன்னார். அதுவரை ஈரல் கொடுக்கலாம், முட்டை கொடுக்கலாம், பப்பாளி கொடுக்கலாம் என்று அடுக்கிக்கொண்டே வந்தவர் அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினார்.

"ஒண்ணும் வாங்க வேண்டாம். முருங்கைக்கீரை இருக்கில்ல, அதைத் தினமும் குடுங்க. ராத்திரி வேண்டாம், பகல்ல குடுங்க."

இவ்வளவுதான் அவர் சொன்னது. கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவரும் இந்த மண்ணில் பிறந்தவர்தான், நர்ஸ் படிப்புக்கு முன்னால் அவர் வீட்டிலும் இரவில் கீரை சமைத்திருக்கமாட்டார்கள். போன மாதம் அந்த ஆலோசகப் பெண்ணிடம் ராத்திரி கீரை சாப்பிடலாமா என்று கேட்டேன். தாராளமாகச் சாப்பிடலாம், கொஞ்சம் மெதுவாகச் செரிக்கும், யார் உங்களுக்குக் கூடாது என்று சொன்னது என்று சிரித்தாள். அவள் சிரித்ததும் எனக்கு அந்த அறையை விட்டு எழுந்து போய்விட வேண்டும் போலிருந்தது. அவ்வளவு ஆத்திரம் யார்மேல் வந்தது என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

வீட்டுக்குப் பின்னால் இரண்டு முருங்கை மரங்கள் நின்றன. யாரும் வைத்ததில்லை, யாரும் தண்ணீர் ஊற்றியதில்லை, மழையில்லாத வருஷத்திலும் பச்சையாக நின்றன. ஆனால் பொழுது அடைந்தபின் மரத்தில் கை வைக்கக்கூடாது, மரம் தூங்கும் என்பார்கள். இரவில் கீரை தின்றால் வீட்டில் இருக்கிற லட்சுமியும் போய்விடுவாள் என்று அத்தை சொல்வாள். எங்கள் வீட்டில் லட்சுமி எந்த மூலையில் இருந்தாள் என்று நான் கேட்கவில்லை. அதோடு முருங்கையில் கம்பளிப்பூச்சி கிடக்கும், சிம்னி விளக்கு வெளிச்சத்தில் அது தெரியாது. பஸ் வருவதும் இருட்டில், போவதும் இருட்டில். பகலில் சமைக்க வீட்டில் ஆள் இல்லை. பக்கத்துத் தெருவில் ஒரு பிள்ளை அடுப்பில் பாவாடை பற்றி இறந்திருந்ததால் என்னைத் தீப்பெட்டியைத் தொடக்கூட அம்மா விடவில்லை. தீப்பெட்டிக் கம்பெனிக்காரி மகளுக்குத் தீப்பெட்டி தொடத் தடை.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் கீரை கிடைத்தது. ஒரு ஞாயிறு அப்பா ஆட்டு ஈரல் வாங்கி வந்தார். தாமரை இலையில் சுற்றி, ரத்தம் சொட்டச் சொட்ட. ஆனால் கூடவே லாரி டிரைவரையும் கூட்டி வந்திருந்தார். வந்த மனிதருக்கு இலை போட்டுவிட்டுப் பிள்ளைக்கென்று எடுத்து வைக்க முடியுமா? எனக்குச் சுண்டுவிரல் நுனி அளவு ஒரு துண்டு வந்தது. அதன் ருசி எனக்கு இப்போதும் நாக்கில் இருக்கிறது, கண்ணுக்குத்தான் போய்ச் சேரவில்லை. அடுத்த முறை நர்ஸம்மா வந்தபோது சொட்டு மருந்து வந்திருக்கவில்லை. என் கண்ணைப் பார்த்து, நுரை பரவியிருக்கிறதே, வாரத்துக்கு ஒரு நாள் போதாது என்று அம்மாவிடம் கொஞ்சம் கோபமாகவே சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வாரமே அம்மா தீப்பெட்டிக் கம்பெனியை விட்டுப் பட்டாசுக் கம்பெனியில் மருந்து ரூமுக்குப் போனாள். நம் பக்கத்தில் மருந்து என்றால் எது என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. பள்ளிக்கூடத்தில் டீச்சர் மருந்து என்று சொல்லும்போது பாதிப் பிள்ளைகளுக்கு ஆஸ்பத்திரி நினைவு வரும், மீதிப் பிள்ளைகளுக்கு வெடி நினைவு வரும். மருந்து வேலை குளிர்ச்சியில் நடக்க வேண்டும். விடியும் முன் ஆரம்பித்து, வெயில் ஏறுவதற்குள் கலந்ததையெல்லாம் வெடிக்குழாயில் செலுத்தித் தீர்த்துவிட்டு எழுந்துவிட வேண்டும். அதனால் எல்லாருக்கும் பொழுது அடைந்து வீடு வந்தால், மருந்து ரூம்காரர்கள் மட்டும் மதியத்துக்கு முன்னால் வந்துவிடுவார்கள். அதிகச் சம்பளத்துக்காகப் போனாள் என்று ஊர் பேசியது. அப்பாவும் அப்படித்தான் நினைத்தார், கொஞ்சம் சந்தோஷமும் பட்டார். அம்மா போனது அந்த மதியத்துக்காக. பகலில் ஒரு அடுப்பு எரியவேண்டும், அதற்கு வேறு வழி அவளுக்குத் தெரியவில்லை. அத்தை மட்டும் சண்டை பிடித்தாள். கண் தெளிந்ததும் நின்றுகொள்வேன் மதினி என்று அம்மா சொல்லிவிட்டாள்.

பள்ளிக்கூடத்தில் மதிய மணி அடித்ததும் ஓடி வருவேன். அம்மா கொல்லையில் கையைக் கழுவிக்கொண்டிருப்பாள். விரல், உள்ளங்கை, முழங்கை வரை வெள்ளியாக மின்னும். அலுமினியப் பொடி. மண்ணும் புளியும் போட்டுத் தேய்த்துத் தேய்த்து, நகக்கண்ணில் குச்சியை விட்டு நோண்டிவிட்டு, கையை மூக்கில் வைத்து மோந்து பார்ப்பாள். திருப்தி இல்லையென்றால் மறுபடியும் மண். அதன்பிறகுதான் கீரையைத் தொடுவாள். முறத்தில் உருவி, வெயிலில் காட்டிப் பூச்சி பார்த்து, சட்டியில் ஒரு சொட்டு எண்ணெய், இரண்டு வத்தல், கீரை. அது சுருங்கும்போது ஒரு பச்சை வாசம் வரும். நான் சாப்பிடும்போது எதிரில் குந்தி உட்கார்ந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள். தனக்கென்று போட்டுக்கொள்ள மாட்டாள். மருந்தில் நிற்பவர்களுக்கு நெஞ்சில் ஏறிய பொடி இறங்கட்டும் என்று கம்பெனியில் வாழைப்பழமும் வெல்லமும் கொடுப்பார்கள். அதுவும் மடியில் முடிந்து எனக்கு வந்துவிடும். அவள் இருமிக்கொண்டே என்னைத் தின்னச் சொல்லுவாள்.

சித்திரையில் ஒரு இரவு எனக்குக் கண் தெரிந்தது. கத்திக்கொண்டே போய் அம்மாவிடம் சொன்னேன். அவள் சாமி படத்தின் முன் விழுந்து கும்பிட்டாள். அது பௌர்ணமி என்று எங்கள் இருவருக்கும் தோன்றவே இல்லை. நிலா தேய்ந்ததும் பழைய கருப்பு வந்துவிட்டது. அம்மா மூன்று நான்கு நாள் என்னோடு பேசாமலே கீரையை வைத்தாள். அதனால் ஆடி பிறந்து, அந்தியில் சுவரும் கதவும் மாட்டின் கொம்பும் தெரிய ஆரம்பித்தபோது நான் வாயைத் திறக்கவில்லை. அமாவாசை வரட்டும், நிலாவே இல்லாத அன்று தெரிந்தால் சொல்லிக்கொள்ளலாம் என்று வைத்துக்கொண்டேன். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அது பெரிய கெட்டிக்காரத்தனமாகப் பட்டது.

ஆடியில் தீபாவளிச் சீசன் சூடு பிடித்தது. வடக்கே இருந்து ஆர்டர் வந்து குவிகிறது என்று போர்மேன் மருந்து ரூம்காரர்களை எழுந்திருக்க விடவில்லை. இன்னும் ஒரு தட்டு மருந்து, இன்னும் ஒரு தட்டு என்று வெயில் உச்சிக்கு வரும்வரை பிடித்துவைத்தார். அம்மா ஓட்டமாக வருவாள், பள்ளி மணியடித்து நான் திரும்பப் போகும் நேரத்தில் கீரையை உள்ளங்கையில் உருட்டி வாயில் ஊட்டி அனுப்புவாள். கடைசி வெள்ளிக்கு அப்புறம் நின்றுவிடப் போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அமாவாசை வருவதற்கு முன்னால் ஒரு நாள் நான் மதியம் வந்தபோது கதவு சாத்தியிருந்தது. ஆடிக்காற்று புழுதியை வாரி அடித்துக்கொண்டிருந்தது. அம்மா வந்ததும் நேரம் மிச்சமாகட்டும் என்று நானே மரத்தடிக்குப் போய்க் கைக்கு எட்டிய கொப்பை ஒடித்து உருவிக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டது. முதலில் தரை அதிர்ந்தது, அதற்கப்புறம்தான் சத்தம் வந்தது. ஊரில் இருந்த எல்லாரும் வெளியே வந்து புகை எந்தத் திசை என்று பார்த்தார்கள். எந்தத் திசை என்று தெரிந்ததும் சிலர் ஓடினார்கள், சிலர் என்னைப் பார்த்தார்கள். கலந்த மருந்து மிச்சம் இருந்ததென்றும் சூட்டில் பற்றிக்கொண்டதென்றும் பேசிக்கொண்டார்கள். வீட்டுக்குப் போகும் அவசரத்தில் அம்மா மருந்தை ஓங்கித் தட்டியிருப்பாள் என்றும் ஒருவர் சொன்னார். அந்த ரூமில் இருந்தவர்களில் அம்மாவுக்கு மட்டும்தான் மூச்சு இருந்தது, அதனால் யாரிடமும் கேட்டு உறுதி செய்துகொள்ள வழியில்லை.

சிவகாசியில் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். அப்பா ஆலங்குளத்திலிருந்து கல் தூசியோடு வந்து சேர்ந்தார். அம்மா என்னைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாளாம். பிள்ளையை அந்தக் கோலத்தைக் காட்டுவதா வேண்டாமா என்று அப்பாவுக்கும் அத்தைக்கும் ஆஸ்பத்திரி வாசலில் வைத்துப் பேச்சு. கண் தெரியாத பிள்ளைக்குக் காதும் கேட்காது என்பதுபோல என்னைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டேதான் பேசினார்கள்.

"அந்தி சாஞ்சா பிள்ளைக்குக் கண்ணு தெரியாதில்லப்பா. விளக்குப் போடுறதுக்கு முந்தி அந்த நேரமாக் கூட்டியா. குரலை மட்டும் கேட்டுக்கிடட்டும்" என்றாள் அத்தை.

அப்பா தலையை ஆட்டினார். அவர்கள் மேல் எனக்குக் கோபமே கிடையாது. அதைவிட நல்ல யோசனை அன்று யாருக்கும் வந்திருக்காது. பொழுது இறங்கும்வரை என்னை ஒரு வேப்பமரத்தடியில் உட்கார வைத்து, டீயில் பன்னைத் தோய்த்துத் தின்னக் கொடுத்தார்கள். அம்மா அதற்குப் பிறகு ஒரு நாள்தான் இருந்தாள். அந்த அந்தியில் அவள் பேசியதுதான் நான் கேட்ட கடைசிப் பேச்சு.

நீளமான வார்டு. ஜன்னல்களில் கொஞ்சம் சாம்பல் வெளிச்சம் மட்டும் மிச்சமிருந்தது. அத்தை என் இரண்டு தோளையும் பிடித்துக் குருடியை நடத்துவதுபோல நடத்திக்கொண்டு போனாள். நடுவில் கிடந்த வாளியைக் காட்ட அவள் வாயைத் திறப்பதற்குள் நான் அதைச் சுற்றிக்கொண்டு போய்விட்டேன். அப்போது அவள் அதை யோசிக்கவில்லை. வாழையிலையில் அம்மாவைக் கிடத்தியிருந்தார்கள். மார்பு வரை வெள்ளைத் துணி. எனக்கு எல்லாம் தெரிந்தது. முடி இல்லை. காது இருந்த இடம் தெரிந்தது. உதடு தெரிந்தது. அம்மாவின் இரண்டு கண்ணும் வீங்கி மூடியிருந்தன, அவளால் என்னைப் பார்க்க முடியவில்லை.

பிள்ளை வந்திருக்கிறாள் என்று அத்தை சொன்னாள். அம்மா கொஞ்ச நேரம் மூச்சை இழுத்துக்கொண்டிருந்தாள்.

"பொழுது அடைஞ்சிருச்சா மதினி?"

"அடைஞ்சிருச்சுத்தா."

"ஏ தாயி, உனக்குக் கண்ணு தெரியுதா?"

அத்தைக்கு அப்போதுதான் அந்த வாளி ஞாபகம் வந்திருக்கும், அவள் விரல்கள் என் தோளில் இறுகின. இல்லை என்று சொல்லச் சொல்கிறாள் என்று எனக்குப் புரியவில்லை. அம்மா கேட்டாள், நான் பதில் சொன்னேன். வாசலில் அப்பா நிற்கிறார், சட்டையில் ஒரு பித்தான் இல்லை, அந்தக் கட்டிலில் ஒரு தாத்தா படுத்திருக்கிறார் என்று வேகவேகமாகச் சொன்னேன். அமாவாசைக்கென்று வைத்திருந்ததையெல்லாம் அங்கேயே கொட்டினேன்.

"ஒம் முகமும் தெரியுதும்மா" என்றேன்.

அம்மாவின் நெஞ்சு ஏறி இறங்குவதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு, அத்தனை வலியிலும் அவள் குரலில் ஒரு சந்தோஷம் வந்தது. பொய் சொல்லவில்லை, சந்தோஷம்தான், எனக்கு அம்மாவின் குரல் தெரியாதா?

"மதினி, பிள்ளைக்குக் கண்ணு தெளிஞ்சிருச்சு" என்றாள். "துணியை மேல இழுத்து விடுங்க."

அத்தை துணியை இழுத்து அம்மாவின் முகத்தை மூடினாள்.